இயந்திரம் ஆப்தனாகுமோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பெருமாள் திருவீதியில் எழுந்தருளும் இந்நாட்களில் மாடவீதிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஹிந்தியும் வங்கமும் கலந்து ஒலிக்கின்றன. முற்காலத்தில் வேற்றுமொழி யாத்ரீகர் ஒருவர் வந்தால், தம் மொழி அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து விவரம் கேட்பார். இப்போது அறிவிப்புப் பலகைக்கு முன்னே கைப்பேசியை நீட்டுகிறார். தமிழ் எழுத்துக்கள் அவருடைய மொழியில் மாறி நிற்கின்றன. ஸந்நிதியில் சொல்லப்படும் ச்லோகத்தையும் கைப்பேசியிடமே கேட்கச் செய்து பொருள் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. இதனைக் கண்டோர் சிலர், "இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு? இருமொழிப் படிப்புத்தான் எதற்கு?" என்று வினவுகின்றனர். வேறு சிலர், "இயந்திரம் சொல்வதை நம்பலாகாது, அதைத் தொடவே கூடாது" என்கின்றனர்.

இவ்விரு கூற்றுக்களையும் சற்று நிதானித்து ஆராய வேண்டும். கருவி புதிது என்றாலும், உள்ளே இருக்கும் கேள்வி மிகப் பழையது. பிறர் வாய்ச்சொல்லை நாம் எப்போது ப்ரமாணமாகக் கொள்ளலாம் என்பதே அக்கேள்வி. நம் பெரியோர்கள் இதனை நுணுகி விசாரித்திருக்கிறார்கள்.

உபய வேதாந்திகளின் அநுபவம்

மொழிபெயர்ப்பு என்பது நம் ஸம்ப்ரதாயத்திற்கு அந்நியமான விஷயமன்று. ஸம்ஸ்க்ருத வேதத்தையும் ஆழ்வார்களின் அருளிச்செயலையும் இரு கண்களாகக் கொண்டு, உபய வேதாந்தம் என்று போற்றி வருபவர்கள் நாம். எம்பெருமானாரின் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி வ்யாக்யானம் அருளினார். தமிழும் ஸம்ஸ்க்ருதமும் கலந்த மணிப்ரவாள நடையில் அது அமைந்தது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளி என்னும் நூலால் திருவாய்மொழியின் ஸாரத்தை ஸம்ஸ்க்ருத ச்லோகங்களில் வடித்துத் தந்தார்.

அந்நூலின் பெயரிலேயே 'தாத்பர்யம்' என்ற சொல் நிற்பதைக் காண்க. சொல்லுக்குச் சொல் மாற்றுவது அப்பெரியோரின் நோக்கமன்று. சொன்னவர் எதைக் கருதிச் சொன்னாரோ அதைச் சிதையாமல் மற்றொரு மொழிக்கு எழுந்தருளப் பண்ணுவதே நோக்கம். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெய்யை மாற்றுபவன் ஒரு துளியும் சிந்தலாகாது என்று அஞ்சுவதுபோல அவர்கள் அஞ்சினார்கள்.

இயந்திரம் கற்ற கதை

இயந்திரத்தைக் குறை கூறுமுன் அது எவ்வாறு கற்றது என்பதை அறிவது நியாயம்.

1954ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து ஒரு சோதனையைக் காட்டின. 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் மட்டுமே ஊட்டப்பெற்ற கணிப்பொறி ஒன்று, அறுபதுக்கும் மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கியது. இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பு முழுதும் இயந்திரத்தின் வசமாகும் என்று அப்போது பேசினார்கள். ஆனால் 1966ஆம் ஆண்டு அந்நாட்டு அரசின் பொருட்டு அமைந்த வல்லுநர் குழுவொன்று, மனிதர் செய்யும் மொழிபெயர்ப்பே விரைவும் திருத்தமும் உடையது, செலவும் குறைந்தது என்று அறிக்கை தந்தது. ஆய்வுக்கான பொருளுதவி சுருங்கிற்று.

இருப்பினும் ஒரு சிறு வட்டத்திற்குள் இயந்திரம் நன்றாகவே உழைத்தது. கனடா நாட்டில் 1977 முதல் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு மொழிக்கு மாற்றும் பணியை அது ஏற்றது. மழை, காற்று, பனி, வெப்பம் என்று திரும்பத் திரும்ப வரும் சில சொற்களுக்குள் அதன் உலகம் அடங்கிவிட்டதால் அப்பணி கைகூடிற்று.

பின்னர் வழி மாறியது. விதிகளைக் கற்பிப்பதை விட்டு, மனிதர்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்த கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பெரும்பாலும் இணையாக வருகிறது என்பதை அதுவே கணக்கிட்டு அறியும்படி செய்தார்கள். கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புச் சேவை 2006இல் தொடங்கியது. 2011இல் தமிழும் அதில் சேர்ந்தது. 2016க்குப் பின், மூளையின் நரம்பு வலையை ஒருவாறு போன்ற கணித அமைப்புகள் புகுந்தபோது அதன் நடை திடீரெனச் சீர்பட்டது. 2022 மே மாதத்தில் ஸம்ஸ்க்ருதமும் சேர்க்கப்பட்டது. அப்போது சேர்ந்த 24 மொழிகளையும், இணைமொழி வாக்கியம் ஒன்றைக்கூடக் காட்டாமல், அந்தந்த மொழியின் நூல்களை மட்டும் காட்டிக் கற்பித்ததாக அந்நிறுவனமே கூறிற்று. அதே 2022 ஜூலையில் பாரத அரசின் 'பாஷிணி' என்னும் மொழிபெயர்ப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

சந்தை சொல்லி, பதம் பிரித்து, அந்வயம் செய்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பொருள் கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடசாலையில் கழித்தவர்களுக்கு, ஒருவரிடமும் ஒரு வாக்கியத்திற்கும் பொருள் கேளாமலே ஒரு மொழியைக் கற்ற கருவி வியப்பைத் தரும். வியப்பதில் குற்றமில்லை. வியப்பே நம்பிக்கையாகிவிடலாகாது என்பதே அடியேன் விண்ணப்பம்.

உப்பும் குதிரையும்

சாஸ்திரம் பயிலும் சிறுவனுக்கு முதலிலேயே ஓர் உதாரணம் சொல்வார்கள். 'ஸைந்தவம்' என்ற ஸம்ஸ்க்ருதச் சொல்லுக்கு உப்பு என்றும் குதிரை என்றும் இரு பொருள் உண்டு. ஸிந்து தேசத்தில் உண்டானது என்பது அதன் அடிப்படை. எஜமானன் "ஸைந்தவம் கொண்டு வா" என்கிறான். அவன் இலைமுன் அமர்ந்திருந்தால் உப்பைக் கொணர வேண்டும். பயணத்திற்குப் புறப்பட்டு நின்றால் குதிரையைக் கொணர வேண்டும். ஒரு வாக்கியத்திற்குப் பொருள் பிறக்க ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி என்ற மூன்றும் வேண்டும் என்பர். அதாவது, சொற்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்தல், பொருந்துதல், அடுத்தடுத்து நிற்றல். நாலாவதாகத் தாத்பர்யம், சொன்னவனுடைய கருத்து, வேண்டும் என்றும் சொல்வர்.

ஒரு காலத்தில் இயந்திரம் இலைமுன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியது. இன்று அப்படியன்று. அக்கம்பக்கத்துச் சொற்கள் அனைத்தையும் ஒருங்கே எடைபோடும் முறை 2017இல் வெளிவந்தபின், அன்னம், இலை, சுவை என்ற சொற்கள் அருகில் இருந்தால் அது பெரும்பாலும் உப்பையே கொணர்கிறது. முதல் மூன்றையும் கணக்கினால் அது எட்டிப் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆயின் நாலாவதான தாத்பர்யம்? ஏவலாள் உப்பைக் கொணர்வது எஜமானனுக்குப் பசி என்று அறிந்து. இயந்திரம் உப்பைக் கொணர்வது, இத்தகைய வாக்கியங்களில் உப்பே மிகுதியாக வந்தது என்று கணக்கிட்டு. இருவர் கையிலும் உப்புத்தான். ஆனால் வழக்கத்திற்கு மாறான இடத்தில், முன் நேராத ஒரு நிலையில், அந்த வேற்றுமை வெளிப்பட்டே தீரும்.

நம் கோயில் வழக்கிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவேன். கருடாழ்வாரைப் 'பெரிய திருவடி' என்றும், அநுமனைச் 'சிறிய திருவடி' என்றும் வழங்குகிறோம். "பெருமாள் பெரிய திருவடியின்மேல் எழுந்தருளுகிறார்" என்று பலகையில் எழுதினால், நம்மவர் கருட வாஹனம் என்று அறிவர். சொல்லுக்குச் சொல் எடுத்தாலோ, ஒரு பெரிய பாதத்தின்மேல் எழுந்து நிற்கிறார் என்றாகும். 'தீர்த்தம் ஸாதித்தல்' என்பதில் சாதனை ஒன்றும் இல்லை. 'திருக்கண்ணமுது' என்பதில் கண் இல்லை, அது பாயஸம். இவை சிரித்துவிட்டுப் போகத்தக்க பிழைகள். 'சரணாகதி' என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், தோற்ற சேனை ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கும் வழங்கும் அதே சொல். தோல்வியினால் பணிவது வேறு, தன்னைத் தாயிடம் ஒப்புவித்த குழந்தைபோல் பரம் நீங்கி இருப்பது வேறு. இங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில் படிப்பவர் பிழை நேர்ந்ததாகவே அறியமாட்டார். 'தேவரீர்', 'அடியேன்' என்ற சொற்கள் வெறும் 'நீங்கள்', 'நான்' என்று ஆகிவிட்டால், சேஷ சேஷி பாவம் முழுதும் ஓசையின்றி உதிர்ந்துவிடுகிறது.

ஆப்தன் யார்?

இனி மூலமான கேள்விக்கு வருவோம். ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்ற ப்ரமாணங்களுள், சப்தம் என்பது ஆப்தனுடைய வாக்கு என்று நையாயிகர்கள் கூறுவர். ஆப்தன் என்பவன் யார்? நியாய பாஷ்யம் இயற்றிய வாத்ஸ்யாயநர் அவனுக்கு இலக்கணம் வகுக்கும்போது, பொருளை உள்ளபடி நேரே அறிந்திருத்தல், அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விருப்பம் இருத்தல், அவ்விருப்பத்தால் ஏவப்பட்டு எடுத்துரைத்தல் என்பவற்றைச் சொல்கிறார். மேலும், இவ்விலக்கணம் ருஷிக்கும் ஆர்யனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்றும் கூறுகிறார். அத்தனை விசாலமான மனம் அவருக்கு! குலம் பாராமல், தேசம் பாராமல், அறிவையும் நேர்மையையும் மட்டுமே பார்த்தார். அவ்வளவு அகலத் திறந்த வாசலிலும் இயந்திரம் நுழைய முடியுமா என்று பார்ப்போம்.

முதலாவது, பொருளை அறிதல். இயந்திரம் சொற்களின் உறவை அறிகிறது. சொல் சுட்டும் பொருளைக் கண்டதில்லை. பசியை அறியாதது, உப்பைச் சுவைத்தறியாதது. இதனை ஒருவர் மறுத்து, "அறிவு என்பதே சொற்களின் உறவுதானே" என்று வாதிக்கலாம். அவ்வாதத்தை இங்கே முடிக்க வேண்டியதில்லை. ஏனெனில் இரண்டாவது இலக்கணமே போதுமானது.

இரண்டாவது, உள்ளபடி அறிவிக்க வேண்டும் என்ற விருப்பம். விருப்பம் உடையவனுக்குத்தான் 'உண்மையைச் சொல்' என்ற விதி பொருந்தும். ப்ரஹ்ம ஸூத்ரங்களில் ஜீவாத்மா கர்த்தாவே என்று நிலைநாட்டும் இடத்தில், விதி நிஷேதங்களைக் கூறும் சாஸ்திரம் பொருளுடையதாக வேண்டுமானால் கர்த்தா சேதனனாகவே இருத்தல் வேண்டும் என்ற யுக்தி வருகிறது. அங்கேயே தச்சனை உதாரணமாகக் காட்டி, கருவிகள் அருகிலிருந்தாலும் அவன் விரும்பினால் வேலை செய்வான், விரும்பாவிடில் வாளாவிருப்பான் என்றும் விளக்கப்படுகிறது. உளியைப் பார்த்து "நேராகச் செதுக்கு" என்று எவரும் விதிப்பதில்லை. தச்சனைப் பார்த்தே சொல்கிறோம். கோணிப்போனால் உளியைக் கேட்பதில்லை, தச்சனையே கேட்கிறோம்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மொழிபெயர்ப்பு இயந்திரம் பொய்யனும் அன்று, மெய்யனும் அன்று. அது உளி. நாம் கேட்க வேண்டிய கேள்வி "இயந்திரம் நல்லதா?" என்பதன்று, "இந்த வாக்கியத்துக்குத் தச்சன் யார்?" என்பதே. தொழிலாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளர் தம் பெயரை இட்டு, "இது மூலத்திற்கு ஒத்தது" என்று கையொப்பம் இடுகிறார். அந்தக் கையொப்பத்தில் அவருடைய ஜீவனமும் மானமும் நிற்கின்றன. ஐயம் வந்தால் நிறுத்தி, மூலாசிரியரைக் கேட்கிறார். அறியாததை அறியேன் என்று சொல்கிறார். இயந்திரமோ பெரும்பாலும் ஐயமுற்று நிற்பதில்லை. அறிந்த இடத்திலும் அறியாத இடத்திலும் ஒரே குரலில் விடை தந்துவிடுகிறது.

முன்னாளில் அதன் நடை கரடுமுரடாக இருந்தது; படித்தவுடனே, இது இயந்திரத்தின் வேலை, ஜாக்ரதை என்று தோன்றும். அந்தக் கொச்சை நடையே ஓர் எச்சரிக்கைப் பலகையாக இருந்தது. இன்று நடை வழுக்கிக்கொண்டு போகிறது. பிழையும் அதே அழகிய நடையில் வருகிறது. தேய்ந்த காசைத் தட்டிப் பார்த்து அறியலாம். நன்றாக வார்த்த கள்ளக் காசை அறிவது கடினம்.

பிழையின் விலை

இவை வெறும் தர்க்க விநோதம் என்று எண்ணலாகாது. 2017 அக்டோபரில், இஸ்ரேல் போலீஸார் ஒரு பாலஸ்தீனத் தொழிலாளியைக் கைது செய்தனர். கட்டட வேலையிடத்தில் தாம் நிற்கும் படத்தைப் போட்டு, காலை வணக்கம் என்ற கருத்தில் அரபியில் ஒரு சொல்லை ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார் அவர். அதன் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை 'அவர்களைத் தாக்கு' என்று ஹீப்ரு மொழியில் காட்டிற்று. கைது செய்யுமுன் அரபி அறிந்த எந்த அதிகாரியும் அதைப் படிக்கவில்லை. சில மணி நேரம் கழித்து, பிழை தெரிந்து, அவர் விடுவிக்கப்பட்டார். இங்கே தவறு இயந்திரத்தினது மட்டுமா? அருகில் அறிந்தவர் இருக்கக்கூடிய இடத்தில், அவரை ஒரு வார்த்தை கேளாமல், ஒரு மனிதனின் கையில் விலங்கிட்டதன்றோ தவறு!

மனிதர் பிழை செய்யாதவர் என்றும் சொல்ல வரவில்லை. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், நினைவிழந்த 18 வயது இளைஞன் ஒருவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். க்யூபா நாட்டு ஸ்பானிய வழக்கில், உண்ட உணவு ஒவ்வாமல் நோயுற்றவன் என்ற பொருளில் 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல்லைக் குடும்பத்தார் கூறினர். அது ஆங்கிலச் சொல்லின் ஓசையை ஒத்திருந்ததால், போதைப்பொருள் உட்கொண்டவன் என்று கொள்ளப்பட்டது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. உண்மையில் இருந்தது மூளையில் இரத்தக்கசிவு. காலம் கடந்துவிட்டது, அவ்விளைஞன் கை கால் இரண்டும் முடங்கினான். ஒரு சொல்லின் விலை ஒரு வாழ்நாள்!

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோருக்குச் சொல்லும் அறிவுரைகளைக் கூகுள் மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாகத் தருகிறது என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஸ்பானிய மொழியில் 94 சதவிகிதம் சரியாக இருந்தது. ஆர்மேனிய மொழியில் 55 சதவிகிதம் மட்டுமே. எழுத்துக்கள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் மொழிக்கு நன்கு உழைக்கும் கருவி, சிறிய மொழிக்குப் பாதியிலேயே இடறுகிறது. ஆனால் இரு மொழியினரும் பார்க்கும் திரை ஒன்றே. அதில் 94 என்றும் 55 என்றும் எழுதியிருப்பதில்லை. இதனை உணர்ந்தே அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை, 2024இல் வெளியிட்ட விதியொன்றில், முக்கியமான மருத்துவ வாசகங்களை இயந்திரம் மொழிபெயர்த்தால் தகுதி பெற்ற மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதனைச் சரிபார்த்தாக வேண்டும் என்று வகுத்தது.

நாவும் ஓலையும்

வேற்று மதத்தவரேயாயினும், மொழிபெயர்ப்பைத் தவமாகக் கொண்ட ஒருவரை இங்கே நினைப்பது தகும். பாரத தேசத்துத் தந்தைக்கும் மத்திய ஆசியாவின் கூசா அரச குலத்துத் தாய்க்கும் பிறந்த குமாரஜீவர் என்ற பௌத்தத் துறவி, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் சாங்கான் நகரில் ஸம்ஸ்க்ருத நூல்களைச் சீன மொழியில் பெயர்த்தார். நூற்றுக்கணக்கான துறவிகள் உடனிருந்து, பழைய மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டு, கேள்வி கேட்டு, தெளிந்த பின்னரே வாசகம் முடிவாகும். தாம் பெயர்த்தவற்றில் பிழை இல்லையென்றால், தம் உடல் எரிந்த பின்னும் நாக்கு மட்டும் எரியாதிருக்கட்டும் என்று அந்திமத்தில் அவர் கூறியதாகவும், அவ்வண்ணமே ஆயிற்று என்றும் அவருடைய சரித்திரம் சொல்கிறது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பிறருடைய சொல்லைச் சுமந்த நாக்கை ஒருவர் பிணையாக வைத்தார் என்பதே நாம் கொள்ள வேண்டிய ஸாரம். பிணை வைக்க நாக்கு இல்லாததே இயந்திரத்தின் குறை.

நம் குருபரம்பரை நூல்கள் சொல்லும் வ்ருத்தாந்தம் இன்னும் இனிது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதாயிரப்படி வ்யாக்யானம் அருளி, அதனை நல்ல பிரதியாக எழுதித் தருமாறு வரதராஜர் என்பவரிடம் ஓலைச்சுவடியைக் கொடுத்தார். அவர் காவேரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகிச் சுவடியை அடித்துக்கொண்டு போயிற்று. அவர் கலங்கினாலும், ஆசார்யர் ஸாதித்ததை நெஞ்சில் நிறுத்தி, முழுவதையும் மீண்டும் எழுதினார். சில இடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. நஞ்சீயர் படித்துப் பார்த்து, தம் கருத்தோடு பொருந்தியும் சில இடங்களில் மேலும் சிறந்தும் இருப்பதைக் கண்டு, நடந்தது யாது என வினவினார். நடந்ததை உள்ளபடி கேட்டு மகிழ்ந்து, "நம்பிள்ளை" என்று அணைத்துக்கொண்டார். அவரே பின்னாளில் ஸம்ப்ரதாயத்தின் பெருவிளக்காக விளங்கிய நம்பிள்ளை.

இதில் மூலத்திற்கு மாறாகச் சில சொற்கள் சேர்ந்தன. ஆயினும் அது பிழையாகவில்லை. ஏன்? எழுதியவர் பொருளை அறிந்திருந்தார். நடந்ததை மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சரிபார்க்கும் ஆசார்யர் எதிரே இருந்தார். இம்மூன்றும் இருந்தால் ஆறு அடித்துச் சென்ற நூலும் மீளும். இம்மூன்றும் இல்லையேல், எழுத்து மாறாத பிரதியும் ஐயத்துக்கு உரியதே.

பெயர் மறைந்த பலரின் வாக்கு

இங்கே புத்திமான் ஒருவர் ஆக்ஷேபிக்கலாம். "வேதம் அபௌருஷேயம், ஒரு புருஷனால் செய்யப்படாதது, ஆகவே மயக்கம், வஞ்சனை முதலான புருஷ தோஷங்கள் அதில் இல்லை என்கிறீர்கள். இயந்திரத்திலும் புருஷன் இல்லையே! அதற்கு ஆசையில்லை, கோபமில்லை, லஞ்சமில்லை. அப்படியாயின் மனிதனின் மொழிபெயர்ப்பை விட அதுவன்றோ தோஷமற்றது?" என்று.

கேட்பதற்கு அழகான ஆக்ஷேபம். ஆனால் நிலைக்காது. இயந்திரத்தின் வாக்கு புருஷனற்றதன்று. கோடி புருஷர்களின் வாக்கிலிருந்து கடைந்தெடுத்தது. எழுதியவர்களின் கல்வியும் அறியாமையும், பரிவும் பகையும் எல்லாம் அதில் கலந்தே இருக்கின்றன. அவர்களுடைய பெயர்கள் மட்டும் அழிந்துவிட்டன. வேதத்தில் கர்த்தா இல்லாததால் தோஷம் இல்லை. இங்கோ கர்த்தாக்கள் பலர் இருந்து, கேட்பதற்கு ஒருவரும் அகப்படாததால், தோஷம் இருந்தும் கேள்விக்கு இடமில்லாது போகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரிய மயக்கம்.

மற்றொன்றும் இதிலிருந்து புலப்படும். இயந்திரம் இன்று பேசும் அழகெல்லாம் மனித மொழிபெயர்ப்பாளர்களும் நூலாசிரியர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து. அவர்களுக்கு இனி வேலையில்லை என்று அனுப்பிவிட்டு, இருமொழிப் புலமையைப் பிள்ளைகளுக்குக் கற்பியாமல் விட்டால், நாளை இயந்திரம் தவறும்போது தவறு என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். கோயிலில் தீபம் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஏற்றுகிறோம். ஏற்றியபின் முதல் தீபத்தை ஊதி அணைப்பதில்லை.

எங்கே கொள்வது, எங்கே விடுவது

அப்படியானால் யாத்ரீகர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட வேண்டுமா? வேண்டா. வடதேசத்திலிருந்து வந்த ஏழைக் குடும்பம் இரவில் மொழி தெரியாத ஊரில் நிற்கிறது. பஸ் எங்கே நிற்கும், சத்திரம் எங்கே, குழந்தைக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று கேட்க, அவர்களால் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பாளரை அமர்த்த இயலுமா? அவ்வேளையில் அக்கருவி தயையின் வடிவமே. பிழைத்தாலும் எதிரே நிற்பவரின் முகக்குறியே திருத்திவிடும். நஷ்டம் நாலடி தூரம் கூட நடப்பதுதான்.

ஆகவே அடியேன் கொள்ளும் அளவுகோல் இது: பிழை நேர்ந்தால் உடனே தெரிந்து, எளிதில் திருத்தக்கூடிய இடத்தில் இயந்திரத்தைக் கொள்க. பிழை மறைந்திருந்து, பின்னர் திருத்தவொண்ணாத இடத்தில் ஒரு மனிதர் பொறுப்பேற்காத மொழிபெயர்ப்பைக் கொள்ளாதிருக்க. மருந்தின் அளவு, நிலப்பத்திரம், நீதிமன்றத்தில் சாட்சி, ஒருவர்மேல் சாற்றும் குற்றம் ஆகியவை இரண்டாம் வகை. மந்த்ரங்களின் அர்த்தமும் பாசுரங்களின் பொருளும் அவ்வகையே. ஏனெனில் தவறான அர்த்தம் நெஞ்சில் ஒருமுறை பதிந்தால், அதுவே அவர் அறிந்த எம்பெருமானின் ஸ்வரூபமாகி விடுகிறது. அவற்றைக் கைப்பேசியில் படிக்க நேர்ந்தாலும், அறிந்த பெரியவர் ஒருவரிடம் "இப்படித்தானா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸந்நிதிகளில் இருக்கும் கைங்கர்யபரர்களும், எத்தனை கூட்டமானாலும், அவ்வாறு கேட்பவர்களைக் கடிந்து அனுப்பாமல் ஒரு வார்த்தையேனும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நாம் வாய் திறவாதிருந்தால், கேட்பவர் கருவியிடம்தான் போவார். பிறகு கருவியைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

கோயில்களும் ஸபைகளும் வேற்றுமொழியில் பலகைகள், புத்தகங்கள் வெளியிடும்போது, இயந்திரத்தின் துணையை வேண்டுமானால் கொள்ளலாம். ஆயின் இரு மொழியும் ஸம்ப்ரதாயமும் அறிந்த ஒருவர் வரிவரியாகப் பார்த்து, இறுதியில் தம் பெயரை இடட்டும். அவருக்குரிய ஸம்பாவனையும் குறைவின்றிக் கொடுக்கப்படட்டும். அந்தப் பெயர் பெருமைக்காக அன்று; யாரைக் கேட்பது என்று படிப்பவர் அறிவதற்காக.

எம்பெருமான் பரவ்யூஹ விபவங்களோடு நில்லாமல், அர்ச்சாவதாரமாக நம் ஊரில், நம் வீதியில், நாம் சொல்வதைக் கேட்கும் அணிமையில் எழுந்தருளியிருக்கிறான். எந்த பாஷையில் விண்ணப்பித்தாலும் அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டா. நெஞ்சின் தாத்பர்யத்தை நேரே அறிபவன் அவன் ஒருவனே. நமக்குள்தான் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது. ஒருவர் சொல்லை மற்றொருவரிடம் சேர்ப்பதும் ஒரு கைங்கர்யமே. அதைச் செய்பவர் எக்கருவியைக் கையாண்டாலும், "இச்சொல்லுக்கு அடியேன் பொறுப்பு" என்று சொல்லும் மனத்தோடு செய்யுமாறு, உத்ஸவம் கண்டருளும் திவ்ய தம்பதிகள் அநுக்ரஹிக்க வேணுமாய்ப் ப்ரார்த்திக்கிறேன்.

சுபம்.